களவு போனது 'சொத்து'தானா? புகார் எழுத உட்காரும் முன்

"என் நிலத்தைத் திருடிட்டாங்கம்மா" என்று ஸ்டேஷன் படியேறி வந்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்குக் கணக்கில்லை. பக்கத்து வயல்காரன் வரப்பை வெட்டி மூன்றடி உள்ளே தள்ளியிருப்பான். வந்தவருக்கு அது திருட்டுதான். அதைவிடப் பெரிய திருட்டை அவர் பார்த்ததில்லை. ஆனால் நான் அதைத் திருட்டு வழக்காக எழுத முடியாது. நிலம் எங்கும் போகவில்லை. சர்வேயர் வந்து அளந்தால் அங்கேயேதான் கிடக்கும்.

காவல்துறையில் இருபத்தேழு வருடம் இருந்தேன். அதில் பாதிக்கு மேல் ஸ்டேஷன் ரைட்டர் வேலை. டெல்டா பக்கம் ஒரு தாலுகா ஸ்டேஷனில் என் பெயரையே மறந்து 'ரைட்டரம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். ஓய்வுக்குப் பிறகும் திண்ணையில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கிறேன். திருட்டுப் புகார் எழுதுகிற எல்லோரும் முதல் வரியிலேயே திருடனைப் பிடித்துக்கொள்கிறார்கள். அவன் குணம், அவன் அப்பன் குணம், போன தேர்தலில் யார் பக்கம் நின்றான் என்பது வரை இரண்டு பக்கம். காணாமல் போன பொருளுக்கு ஒரே ஒரு வரி. சட்டம் வேறு வரிசையில் பார்க்கிறது. முதலில் பொருள், அது இருந்த நிலை, அது யார் கையில் இருந்தது. இவை தேறினால்தான் எடுத்தவன் பக்கமே திரும்பும்.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சம்ஹிதா வந்துவிட்டது. பழைய சட்டத்தின் 378, 379-ம் பிரிவுகள் இப்போது 303-ம் பிரிவு. அந்த மாற்றம் நடந்த ராத்திரி நான் டூட்டியில் இருந்தேன். ஜூன் 30 சாயங்காலத்துக்கும் மறுநாள் விடியலுக்கும் நடுவில் ஒரு திறந்த வயலில் இருந்து மோட்டார் காணாமல் போயிருந்தது. நள்ளிரவுக்கு முன்னால் எடுத்தானா, பின்னால் எடுத்தானா? அதைப் பொறுத்துத்தான் எந்தச் சட்டம் என்பது. இன்ஸ்பெக்டரும் நானும் அரை மணி நேரம் தலையைச் சொறிந்தோம். கடைசியில் ஏ.பி.பி.யை, அதாவது அரசு உதவி வழக்கறிஞரைக் கேட்டுத்தான் எழுதினோம். திருட்டுக்குத் தண்டனை இரண்டிலும் மூன்று வருடம் வரைதான், அதனால் பெரிய சேதமில்லை. ஆனால் 2024 ஜூலைக்கு முன் நடந்த திருட்டுக்கு இன்று புகார் கொடுத்தாலும் குற்றப் பிரிவு பழைய சட்டத்தில்தான் வரும் என்பதை நினைவில் வையுங்கள்.

சரி, 303 என்ன சொல்கிறது? ஒருவர் வசத்தில் இருக்கும் அசையும் சொத்தை, அவர் சம்மதம் இல்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்துக்கொள்வதற்காக நகர்த்தினால் அது திருட்டு. இதில் 'அசையும் சொத்து', 'வசம்' என்ற இரண்டு சொற்களில்தான் பாதிப் புகார்கள் இடறி விழும். பழைய பத்திரங்களில் 'ஸ்தாவர ஜங்கம சொத்துகள்' என்று எழுதியிருப்பார்களே, அந்த ஜங்கமம்தான் அசையும் சொத்து. அதே பத்திரத்தில் 'சுவாதீனம்' என்று வருவதுதான் வசம். நம் தாத்தா காலத்து ஆவண எழுத்தர்கள் திருட்டுச் சட்டத்துக்கு வேண்டிய வார்த்தைகளை அப்போதே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மண்ணில் ஒட்டியிருக்கும் வரை

நிலம், நிலத்தில் ஒட்டியிருப்பது, நிலத்தில் ஒட்டியதோடு நிரந்தரமாகப் பிணைத்திருப்பது, இவை அசையும் சொத்து அல்ல. நிற்கிற மரம், வயலில் நிற்கிற நெல், சுவரில் பதித்த ஜன்னல் எல்லாம் இதில் அடங்கும். ஆனால் பிரிந்த நொடியில் அது அசையும் சொத்தாகிவிடுகிறது. பிரிக்கிற செயலும் நகர்த்துகிற செயலும் ஒன்றாகவே இருந்தாலும் திருட்டுதான் என்று சட்டம் விளக்கமே எழுதி வைத்திருக்கிறது.

இதை ஏன் இழுத்துச் சொல்கிறேன் என்றால், ஒரு தேக்கு மர வழக்கு. ராத்திரி இரண்டு மணிக்கு மரம் விழுந்த சத்தத்தில் ஊர் விழித்துவிட்டது. வந்தவர்கள் மரத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள். காலையில் மரத்துக்காரர் வந்தபோது, "மரந்தான் அங்கேயே கிடக்கே, என்ன திருட்டு?" என்று ஸ்டேஷனில் ஒருவர் கேட்டார். புத்தகத்தை எடுத்து 303-ன் முதல் உதாரணத்தைக் காட்டினேன். அடுத்தவர் நிலத்து மரத்தை எடுத்துக்கொள்ளும் எண்ணத்தில் வெட்டினால், மரம் தரையிலிருந்து பிரிந்ததுமே திருட்டு முடிந்துவிடுகிறது. வண்டியில் ஏற்ற வேண்டியதில்லை. ஊர் எல்லை தாண்ட வேண்டியதில்லை. பாதி வெட்டிவிட்டு ஓடியிருந்தால் கதை வேறு. அது திருட்டு முயற்சி, அதோடு சேதப்படுத்திய குற்றம்.

ஆகவே மரமோ தேங்காயோ வாழைத்தாரோ போனால், "காணவில்லை" என்று முடிக்காதீர்கள். அடியோடு அறுத்திருந்ததா, குலை மட்டும் வெட்டியிருந்ததா, அறுத்த இடத்தில் பால் காயாமல் இருந்ததா, கண்டதை எழுதுங்கள். பிறகு பார்வை மகஜர், அதாவது சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் குறிப்பு, போட வருகிறவர் அதைத்தான் தேடுவார்.

ஆற்று மணலும் இந்தக் கணக்குதான். படுகையில் கிடக்கும்போது அது நிலத்தின் பகுதி. அள்ளிய பிறகு அசையும் சொத்து. கனிமச் சட்டம் தனியாக இருக்கிறதே, திருட்டு வழக்கும் போடலாமா என்று வெகுநாள் இழுபறி இருந்தது. போடலாம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1957-ம் ஆண்டின் கனிமச் சட்டப்படியான வழக்கை அதற்கென அதிகாரம் பெற்ற அலுவலர் கொடுக்க வேண்டும். அரசு மணலை அனுமதியில்லாமல் அள்ளிய திருட்டு தனிக் குற்றம், அதைப் போலீஸ் எடுக்கலாம். டிராக்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு வருகிற ஊர்க்காரர்களிடம் நான் கேட்பது, "மணல் வண்டியில் இருந்ததைப் பார்த்தீர்களா, பள்ளத்தை மட்டும் பார்த்தீர்களா?" என்பதுதான்.

கிணற்று மோட்டாரை சிமென்ட் மேடையில் போல்ட் போட்டு முறுக்கியிருப்பார்கள். அது 'நிரந்தரமாகப் பிணைத்தது'தானா என்று வக்கீல்கள் வாதாடலாம். நமக்குக் கவலையில்லை, போல்ட்டைக் கழற்றியதும் அது அசையும் சொத்து. கவலைப்பட வேண்டியது மோட்டார் எங்கே இருந்தது என்பதற்காக. திறந்த வயலில் என்றால் 303. பொருளைப் பாதுகாக்கக் கட்டிய கொட்டகைக்குள் என்றால் 305 வரும், ஏழு வருடம் வரை தண்டனை. 'கொட்டகை' என்ற ஒரு வார்த்தையை எழுத மறந்துவிட்டால் நான்கு வருடம் போச்சு. கோயில் சிலை, அரசாங்கப் பொருள், ஆள் ஏற்றும் வண்டி, சரக்கு வண்டி இவையும் அந்த 305-ல்தான்.

உயிருள்ளவை

ஆடு, மாடு, கோழி பற்றிச் சந்தேகமே இல்லை. பிஸ்கட் காட்டி நாயைக் கூட்டிக்கொண்டு போனாலும் திருட்டு. நாய் தன் காலில்தானே நடந்து வந்தது என்று சொல்ல முடியாது. பையில் இரையை வைத்து அடுத்தவர் நாயைப் பின்னால் வர வைப்பது 1860-லேயே எழுதிய உதாரணம், இன்றும் அப்படியே இருக்கிறது. மாட்டை ஓட்டிக்கொண்டு போனால் மாடு மட்டுமில்லை, அதன் மேல் இருக்கும் சுமையையும் நகர்த்தியதாகவே கணக்கு.

மீன்தான் சண்டைக்கார வகை. ஆற்றிலோ கடலிலோ ஓடுகிற மீன் யார் வசமும் இல்லை, அதைப் பிடிப்பது திருட்டாகாது. ஏலம் எடுத்தவருக்கு மீன்பிடி உரிமை இருக்கலாம், அது மீறப்பட்டிருக்கலாம், ஆனால் 'மீன்' என்ற சொத்து அவர் கைக்குள் வந்திருக்க வேண்டும். சுற்றிலும் கரை கட்டி, வெளியேற வழியில்லாமல் அடைத்த பண்ணைக் குட்டையில் வளரும் மீன் அப்படிக் கைக்குள் வந்ததுதான். மழைக்காலத்தில் உடைத்துக்கொண்டு ஓடும் ஏரி மீன் அப்படியில்லை. குளத்து மீன் பற்றிய ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. குளம் தங்களுடையது என்று உண்மையாகவே நம்பி உரிமை கொண்டாடியவர்கள் மீன் பிடித்தால் அது திருட்டாகாது என்று அங்கே முடிந்தது. ஆகையால் ஏலதாரர் புகார் கொடுக்க வந்தால் ஏல உத்தரவு மட்டும் போதாது. குளத்துக்கு அடைப்பு இருந்ததா, மதகில் வலை கட்டியிருந்தீர்களா, குஞ்சு விட்டதற்கு ரசீது இருக்கிறதா என்று கேட்பேன்.

கோயில் காளைக்கு வருவோம். நேர்ந்து விட்ட மாடு, யாரும் கட்டுவதில்லை, ஊரெல்லாம் மேயும். அதை ஒருவன் லாரியில் ஏற்றிவிட்டான். யாருடைய சொத்து? வடக்கே அலகாபாத் உயர்நீதிமன்றம் ஒரு பழைய வழக்கில், இறந்தவர் நினைவாக அவிழ்த்து விட்ட காளை யாருடைய சொத்தும் இல்லை, அதனால் திருட்டில்லை என்று சொன்னது. அதே காலத்தில் சென்னை உயர்நீதிமன்றம் வேறு மாதிரி பார்த்தது. கோயிலுக்கு நேர்ந்த காளை சாமிக்குரியது, கோயில் தர்மகர்த்தா உரிமையாளர் இடத்தில் நிற்கிறார் என்பது அதன் கருத்து. எனக்குச் சென்னைதான் சரியென்று படுகிறது. மாட்டுக்குக் கட்டுத்தறி இல்லாமல் இருக்கலாம், ஆனால் பொங்கலுக்கு அதற்கு மாலை போடுகிறவர் யார் என்று ஊருக்குத் தெரியும். இப்படி ஒரு புகார் எழுதும்போது கோயில் பெயர், நேர்ந்து விட்ட வருடம், யார் தீவனம் வைக்கிறார்கள் என்பதோடு, புகாரைக் கோயில் பொறுப்பாளர் கையெழுத்தில் கொடுங்கள்.

மனித உடல் சொத்து அல்ல. ஆளைக் கொண்டுபோனால் அது கடத்தல். சுடுகாட்டில் பிணத்தைத் தொட்டால் அதற்கு 301 தனியாக இருக்கிறது. மருத்துவக் கல்லூரியில் பதப்படுத்தி வைத்திருக்கும் எலும்புக்கூடு மட்டும் வேறு, அது ஒரு நிறுவனத்தின் வசமுள்ள பொருள்.

கையில் பிடிக்க முடியாதவை

மின்சாரம் திருட்டுதானே என்று எல்லோரும் நினைக்கிறார்கள். திருட்டுதான், ஆனால் 303 வழியாக அல்ல. மின்சாரம் பழைய சட்டத்தின் 'அசையும் சொத்து' அல்ல என்பதை 1960-களிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. மின்சாரச் சட்டம் தனியாகச் சொல்வதால்தான் அது திருட்டாகிறது. இப்போது 2003-ம் வருடச் சட்டத்தின் 135. பக்கத்து வீட்டுக்காரர் கொக்கி போட்டு எடுக்கிறார் என்றால் முதலில் மின்வாரியத்துக்கு எழுதிக் கொடுங்கள், எவ்வளவு போனது என்று கணக்குப் போட வேண்டியவர்கள் அவர்கள். கம்பியையே வெட்டிக்கொண்டு போனால் அதே சட்டத்தில் 136.

தண்ணீர்? வாய்க்காலில் தானாக ஓடுவதைத் திருப்பினால் பாசனச் சண்டை. திருட்டு எழுத முடியாது. குழாயில் வருவதும் தொட்டியில் பிடித்து வைத்ததும் வசத்துக்கு வந்த பொருள், அதை எடுத்தால் திருட்டு.

இனி காகிதமும் கணினியும். இங்கேதான் புதிய சட்டத்தில் சத்தமில்லாமல் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. பழைய சட்டத்தின் 22-ம் பிரிவு அசையும் சொத்து என்றால் 'உருவமுள்ள' சொத்து என்று சொன்னது, தொட்டு உணரக்கூடிய பொருள். புதிய சட்டத்தில் 2(21) 'எல்லா வகைச் சொத்தும்' என்கிறது. 'உருவமுள்ள' என்ற ஒரு சொல்லை எடுத்துவிட்டார்கள். நிலமும் நிலத்தோடு ஒட்டியதும் மட்டும்தான் விலக்கு. இனி கண்ணுக்குத் தெரியாத சொத்தும் திருட்டுக்குள் வரலாம் என்று வாதாட வழி திறந்திருக்கிறது. ஆனால் 'வசம்', 'நகர்த்துதல்' என்ற சொற்கள் அப்படியே இருக்கின்றன. ஒரு கோப்பை நகலெடுத்தால் மூலம் அங்கேயே இருக்கிறதே, எது நகர்ந்தது? இந்தக் கேள்விக்கு நீதிமன்றங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். நாம் அதை நம்பிப் புகார் எழுத வேண்டாம்.

என் மகள் சட்டக் கல்லூரியில் படித்தபோது சொன்ன வழக்கு ஒன்று. இங்கிலாந்தில், லிவர்பூல் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தேர்வுக்கு முன்பே வினாத்தாளைப் பார்த்துவிட்டார். தாளைத் திருப்பி வைக்கத்தான் நினைத்தார். தகவல் என்பது திருட்டுச் சட்டத்தின் 'சொத்து' அல்ல என்று 1979-ல் தீர்ப்பு வந்தது. இத்தனைக்கும் அவர்களுடைய 1968-ம் வருடத் திருட்டுச் சட்டம் உருவமில்லாத சொத்தையும் சேர்த்தே எழுதப்பட்டது. நம் உச்ச நீதிமன்றம் 2019-ல் வேறு பக்கம் நின்றது. ஆவணம் அசையும் சொத்து, அதிலுள்ள தகவலும் திருட்டுக்குரிய பொருளாகலாம் என்றது. ஆனால் அதே வழக்கில், கம்பெனி ஆவணங்களின் நகலைத் தங்கள் வழக்கில் சான்றாகத் தாக்கல் செய்தவர்களுக்கு நேர்மையற்ற எண்ணம் இல்லை என்று சொல்லித் திருட்டு வழக்கை முடித்துவிட்டது.

கணினியில் இருந்து தரவை நகலெடுத்துக்கொண்டு போன முன்னாள் ஊழியர் மேல் புகார் என்றால், 2000-ம் வருடத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 என்று எழுதுவது உறுதியான வழி. மூன்று வருடம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். பென் டிரைவையே எடுத்துப் போயிருந்தால் அந்த பென் டிரைவுக்கு 303-ஐயும் சேர்க்கலாம்.

வங்கிக் கணக்கில் இருந்து பணம் போனால் எல்லோரும் 'திருட்டு' என்றுதான் சொல்கிறோம். பீரோவில் இருந்த ஐந்நூறு ரூபாய்க் கட்டு போனால் அது திருட்டு. ஓ.டி.பி. கேட்டு ஏமாற்றிக் கணக்கைக் காலி செய்தால் அது மோசடி, அதோடு கணினி வழி ஆள்மாறாட்டம். பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்தால் போன பணத்தை வழியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. திருட்டு என்று நினைத்து மறுநாள் ஸ்டேஷனுக்கு நடந்து வந்தால் அது போய்விடும். கிரிப்டோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: 2025 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்றம் அதைச் சொத்து என்று ஏற்றுக்கொண்டது. அது சிவில் விவகாரத்தில் வந்தது, திருட்டு வழக்கில் அல்ல.

யார் கையில் இருந்தது

'யாருடையது' என்று திருட்டுச் சட்டம் முதலில் கேட்பதில்லை. 'யார் வசம் இருந்தது' என்று கேட்கிறது. இதனால்தான் தன் சொந்தப் பொருளையே ஒருவர் திருட முடியும். எங்கள் ஸ்டேஷனில் ஒரு மெக்கானிக் புகார் கொண்டு வந்தார். இன்ஜினைப் பிரித்து வேலை பார்த்து முடித்திருந்தார். கூலி தராமல், ராத்திரி வந்து வண்டிக்காரர் தன் பைக்கைத் தானே தள்ளிக்கொண்டு போய்விட்டார். வண்டிக்காரர் ஆர்.சி. புத்தகத்தை மேசையில் போட்டு, "என் வண்டியை நான் எடுத்தா திருட்டாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கூலி பாக்கிக்காகப் பொருளை நிறுத்தி வைக்க வேலை செய்தவருக்கு உரிமை உண்டு. கைக்கடிகாரத்தை வைத்து 303 இதே உதாரணத்தைச் சொல்கிறது. கூலி பாக்கி எதுவும் இல்லாமல் அவர் எடுத்திருந்தால் திருட்டில்லை. அடகு வைத்த நகையைக் கடன் தீர்க்காமல் எடுத்தாலும் இதே கதி. வண்டிக்காரர் அன்று சாயங்காலமே கூலியைக் கொடுத்தார், இரண்டு பேரும் சேர்ந்து டீ குடிக்கப் போனார்கள்.

தவணை கட்டாத வண்டியை பைனான்ஸ்காரர் எடுத்துப் போனால்? ஒப்பந்தப்படி உரிமையாளர் திரும்ப எடுத்துக்கொண்டது திருட்டாகாது என்று 2001-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வாடகைக் கொள்முதல் வழக்கில் சொன்னது. அதற்காக அடிக்கவோ மிரட்டவோ அவருக்கு உரிமை வந்துவிடவில்லை. அப்படி நடந்திருந்தால் அடித்ததைப் புகாராக எழுதுங்கள், வண்டி போனதை அல்ல.

நம்பிக் கொடுத்த பொருளை ஒருவர் விற்றுவிட்டால் அது நம்பிக்கை மோசடி, 316. ரோட்டில் கிடந்ததை எடுத்து வைத்துக்கொண்டால் 314. அது யார் வசத்திலும் இல்லாதபோது எடுத்தது. ஆனால் கல்யாண மண்டப டேபிளில் கழற்றி வைத்த மோதிரம் 'கிடந்தது' அல்ல, இடத்தைப் பார்த்துக்கொள்கிறவர் வசம் இருந்தது. பள்ளம் தோண்டும்போது புதையல் கிடைத்தால், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும், 1878-ம் வருடச் சட்டம். அந்தப் பத்து ரூபாய் இன்னும் மாறவில்லை.

"எடுத்தேன், திருப்பித் தந்துவிட்டேனே" என்பதும் அடிக்கடி வரும் பதில். ராஜஸ்தானில் அல்வாரில் ஓர் அலுவலகக் கோப்பைக் கொஞ்ச நேரத்துக்கு வெளியே கொடுத்துத் திருப்பி வைத்தவர் மேல் திருட்டு நிலைத்தது. 1957-ல் முடிந்த வேறு வழக்கில், ஜோத்பூரில் இருந்து பயிற்சி விமானத்தை அனுமதியில்லாமல் எடுத்துக்கொண்டு பாகிஸ்தானில் போய் இறங்கியவருக்கும் அதுதான். நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் எண்ணம் வேண்டியதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு ரகசியம். ஒருமுறை ஒருவர் வந்து தன் தோப்பில் புதைத்து வைத்த சாராய ஊறல் பானையைக் காணோம் என்றார். வசம் இருந்தது, நகர்ந்தது, சம்மதமில்லை, எல்லாம் சரி. ஆனால் புகாரைப் பதிவு செய்தால் முதலில் உள்ளே போவது யார் என்று அவரையே யோசிக்கச் சொன்னேன். மனுவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

விலை எழுதுவது

பொருளுக்கு இவ்வளவு விலை இருந்தால்தான் சொத்து என்று இல்லை. காலாவதியான செக்குத்தாளும் சொத்து. ஒரே ஒரு முருங்கைக்காய்க்கு வழக்குப் போட்டால், சராசரி மனிதர் புகார் சொல்லாத அற்பத் தீங்கு குற்றமில்லை என்று 33-ம் பிரிவு குறுக்கே வரும், அவ்வளவுதான். ஆனால் புதிய சட்டத்தில் 5,000 ரூபாய் முக்கியமான கோடு. அதற்குக் குறைவென்றால் போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போட்டு விசாரிக்கிற குற்றமில்லை, மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும், ஜாமீனும் உண்டு. முதல் தடவை மாட்டியவர் பொருளையோ அதன் விலையையோ திருப்பிக் கொடுத்தால் சமூக சேவைதான் தண்டனை.

அதனால் விலையைக் கூட்டியும் எழுதாதீர்கள், கூச்சப்பட்டுக் குறைத்தும் எழுதாதீர்கள். பழைய செல்போனை "அது கிடக்கு, ரெண்டாயிரம் போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு, பிறகு ஏன் யாரும் தேடவில்லை என்று கோபப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்று அதே பொருளை விற்றால் என்ன வருமோ அதை எழுதுங்கள். நிலப் பத்திரம் பஸ்ஸில் தவறிப்போயிருந்தால் திருட்டு என்று எழுதவே வேண்டாம். தமிழ்நாடு காவல்துறை இணையத்தில் தொலைந்த ஆவணத்துக்கென்று தனிப் பதிவு இருக்கிறது, அந்தச் சான்று போதும்.

எழுதும்போது எப்படி வரும் என்று காட்ட, என் கையால் எழுதிய மாதிரி ஒன்று:

"எனது வயலில் உள்ள போர்வெல் கொட்டகையில், சிமென்ட் மேடை மேல் நான்கு போல்ட்டில் பொருத்தி, 5 எச்.பி. மோட்டார் ஒன்று என் சுவாதீனத்தில் இருந்து வந்தது. 3-ம் தேதி மாலை 6 மணிக்கு நான் அதை நிறுத்திவிட்டுக் கொட்டகையைப் பூட்டினேன். மறுநாள் காலை 5.30-க்குப் போனபோது பூட்டு உடைந்து, போல்ட்டுகள் கழற்றப்பட்டு, ஒயர் அறுக்கப்பட்டிருந்தது. மோட்டார் இல்லை. நீல பெயின்ட், இடது பக்கம் உரிந்திருக்கும். எண் பில்லில் உள்ளபடி. இரண்டு வருடம் முன் 18,000-க்கு வாங்கியது, இன்றைய மதிப்பு 11,000. எடுக்கச் சொல்லி யாருக்கும் நான் அனுமதி கொடுக்கவில்லை."

சந்தேகப்படுகிற ஆள் யாராவது இருந்தால் அதற்குக் கீழே, ஏன் சந்தேகம் என்ற காரணத்தோடு, ஒரே பத்தி. செல்போன் என்றால் ஐ.எம்.இ.ஐ. எண், வண்டி என்றால் சேஸிஸ் எண். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது மனு வந்ததற்கான ரசீது, மட்டும் கொடுத்து அனுப்பினால் அது எஃப்.ஐ.ஆர். அல்ல என்பது தெரிந்திருக்கட்டும். பதிய மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் பதில் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

பொருள் கிடைத்தாலும் நேரே வீட்டுக்கு வராது. படிவம் 95-ல் எழுதி கோர்ட்டுக்குப் போகும், நீங்கள் மனு போட்டு வாங்க வேண்டும். அங்கே குவியலில் உங்களுடையது எது என்று காட்டுவதற்குத்தான் முதல் நாள் எழுதிய அடையாளம். ஓர் ஆயா தன் பித்தளை அண்டா போனதென்று வந்தார். "எல்லா அண்டாவும் ஒண்ணு போலத்தானே இருக்கும், என்ன அடையாளம்?" என்று கேட்டேன். மூக்கைச் சுளித்துக்கொண்டு, "கல்யாணத்துக்குப் பேர் வெட்டினவன் 'மீனாட்சி'யை 'மினாட்சி'ன்னு வெட்டிட்டான், அதைப் போயி எழுதணுமா?" என்றார். எழுதினேன். எட்டு மாதம் கழித்து ஒரு பழைய பாத்திரக் கடையில் பதினோரு அண்டா பிடிபட்டபோது, கோர்ட் கிளார்க் ஒவ்வொன்றாகப் புரட்டி, சுழி இல்லாத அந்த 'மி'யைக் கண்டுபிடித்து ஆயாவிடம் தள்ளினார்.